உள்ளுணர்வும் துப்பும்: தமிழ்த் துப்பறியும் நாவலின் கிளைகளும் அளவுகோல்களும்

தமிழ்நாட்டின் எந்த மூலையில் நின்று புத்தூர் என்று சொன்னாலும், கேட்பவர் நினைவில் முதலில் எழுவது நாராயணவனத்துக் கோயிலுமன்று, சதாசிவகோனை அருவியுமன்று. முறிந்த எலும்புக்குப் போடுகிற கட்டுத்தான். எக்ஸ்ரே படம் ஏழைக் குடியானவனுக்கு எட்டாதிருந்த காலத்திலேயே, ஆந்திர எல்லையில் உள்ள இவ்வூரை அடுத்த ஈஸ்வராபுரத்து வைத்தியர், வீங்கிய கையை வாங்கி மெல்ல விரலோட்டிப் பார்த்து, முறிவு இன்ன இடத்தில், இன்ன வாட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி, பச்சிலை மருந்தும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டால், கைக்குத் தெரிகிறது என்பதற்கு மேல் விளக்கம் கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கைகளையும் கால்களையும் தொட்டுணர்ந்த பரம்பரை அநுபவம் நிற்கிறது என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள். காரணம் கூறாமல் உண்மையைத் தொட்டுவிடுகிற இத்தகைய சக்தி, குற்றம் கண்டுபிடிக்கிற ஒருவனிடம் அமையுமானால் அது எத்தகைய கதைக்கு ஹேதுவாகும், அந்தக் கதையைப் படிக்கிறவன் எந்த அளவுகோலைக் கொண்டு அதனை மதிக்க வேண்டும் என்பவையே இங்கே ஆராயப் புகுந்த விஷயங்கள்.

துப்பறியும் கதை மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உருவத்தைப் பொறுத்தவரையில் இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் ஒளிந்திருக்கும் உண்மையை அறிய மனிதனுக்கு எத்தனை வழிகள் உண்டு, அவற்றுள் எதனை நம்பலாம் என்ற விசாரம் நம்மவர்க்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிவதைக் கண்டு கவலையுறும் தாய், கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். வேலனை அழைத்துக் கழங்கிட்டுப் பார்க்கச் செய்கிறாள். அவர்கள் இருவரும் முருகனால் வந்த அணங்கு என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையோ வேறு. அதனை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் அறத்தொடு நிற்கும்போதுதான் மர்மம் விலகுகிறது. தெய்வ ஆவேசத்தால் உண்மையைக் காண்பதாகச் சொல்லிக்கொள்பவர் பிழைபட, கூடவே இருந்து முகக் குறிப்பையும் நடை மாறுபாட்டையும் நாள்தோறும் கவனித்தவள் பிழையாமல் நிற்கும் இந்த அமைப்பைப் பண்டைப் புலவர்கள் மீண்டும் மீண்டும் கையாண்டார்கள் என்பது சிந்தனைக்குரியது. திருக்குறளோ பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாகக் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்களைக் கொண்டது. பிறர் உள்ளத்தை ஐயமறத் தெரிந்துகொள்பவனை மிக உயர்ந்த ஸ்தானத்தில் வைக்கும் அதே வள்ளுவர், ஒற்றாடலைப் பேசும் இடத்தில் ஒருவன் கொண்டுவந்த செய்தியை மற்றொருவன் மூலம் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்று கண்டிப்புச் செய்கிறார். உள்ளுணர்வுக்கு மரியாதை, ஆனால் சோதனைக்குப் பிறகே நம்பிக்கை என்ற இந்த இரட்டை நிலையைப் பிற்காலத் துப்பறியும் நாவலாசிரியர்கள் பலர் மறந்துபோனார்கள்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கோவலன் குற்றவாளி என்று பொற்கொல்லன் கூறியதைப் பாண்டியன் விசாரியாமல் ஏற்றான். கண்ணகியோ சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள், கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். கண்ணால் காணத்தக்க ஒரு பொருள் சாட்சியினால் வழக்கு முழுவதும் ஒரு நொடியில் திரும்பிவிடுகிற அந்தக் காட்சியை விஞ்சும் துப்புத் துலக்கம் பிற்கால நாவல்கள் எவற்றிலும் இல்லை என்றே கூறுவேன்.

இனி, துப்பறிதலை முழுக் கதையாகவே நம்மவர் சொன்ன இடத்துக்கு வருவோம். அலகேச ராஜன் கதையில் வரும் நான்கு இளைஞர்களும் காணாமற்போன ஒட்டகமும் பற்றிய பகுதி அது. ஒட்டகத்தைத் தேடிவந்த வணிகனிடம் ஒருவன், அதற்கு ஒரு கால் ஊனமா என்று கேட்கிறான். மற்றொருவன் வலக்கண் குருடா என்கிறான். மூன்றாமவன் வால் மிகவும் குட்டையா என்கிறான். நான்காமவன் அது வயிற்றுவலியால் துன்புற்றதா என்று வினவுகிறான். ஒட்டகத்தைக் காணவே இல்லை என்று அவர்கள் கூற, இவர்களே திருடர்கள் என்று வணிகன் அரசனிடம் முறையிடுகிறான். அரசன் விசாரிக்கும்போது, தரையில் மூன்று அடிச்சுவடுகளே விழுந்திருந்தன என்றும், பாதையின் இடப்பக்கத்து மரங்களில் மட்டுமே இலை மேயப்பட்டிருந்தது என்றும், ஈ, கொசுக்களை வாலால் ஓட்டமாட்டாமையால் வழியெல்லாம் இரத்தத் துளிகள் சொட்டியிருந்தன என்றும், முன்னங்கால் சுவடுகள் ஆழமாகவும் பின்னங்கால் சுவடுகள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தமையால் வலி தாங்காமல் உடலைச் சுருக்கி நடந்தது தெரிந்தது என்றும் அவர்கள் விடை கூறுகிறார்கள். கேள்வியாகக் கேட்டபோது தெய்வீக ஞானம்போலத் தோன்றியது விடை வந்தபின் வெறும் கூர்மையான பார்வையாக மாறிவிடுகிறது. அப்படி மாறிய பின்பும் வியப்பு ஒரு துளியும் குறைவதில்லை. முன்னிலும் அது பெருகுகிறது. உள்ளுணர்வு படைத்த துப்பறிவாளனின் கதைக்கு உரிய லட்சணம் இதற்குள்ளேயே முழுமையாக அடங்கியிருக்கிறது. இதனோடு உறவுடைய கதை செரெந்தீப்பின் மூன்று இளவரசர்கள் என்ற பெயரில் பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் அச்சேறியது. வால்டேர் 1747இல் எழுதிய ஸாடிக் கதையிலும் இதே உத்தி இடம்பெற்று, பிற்காலத்து ஐரோப்பியத் துப்பறியும் இலக்கியத்துக்கு ஒரு வித்தாயிற்று.

அந்த அலகேச கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து மேனாட்டார்க்கு அறிமுகம் செய்தவர் யார் என்று பார்த்தால், தமிழின் முதல் துப்பறியும் நூலை எழுதியவரும் அவரே என்பது தெரிகிறது. சங்கேந்தியில் 1859இல் பிறந்த பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார், தொல்பொருள் ஆராய்ச்சித் துறையில் பணியாற்றியவர், நாட்டுக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர், 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனை நாயகனாக வைத்துக் கதைகளை வெளியிட்டார். மாயூரத்து முனிசீப் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்து பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. லண்டனில் கானன் டாயில் தம் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திவிட்டதாக 1893ஆம் ஆண்டின் இறுதியில்தான் எழுதியிருந்தார். நாட்டுக் கதையின் அடிச்சுவடு படித்தலையும் ஆங்கிலேய ஆட்சியில் வந்த போலீஸ் இலாகாவையும் ஒருவரே கையில் எடுத்துக்கொண்டு தொடங்கினார் என்பது நம் மரபுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். அவருக்குப் பின் வந்தவர்கள் போலீஸை வைத்துக்கொண்டு அடிச்சுவடு படித்தலை மெல்ல நழுவவிட்டார்கள் என்பது என் துயரம்.

அடுத்த தலைமுறையின் முன்னணியில் நிற்பவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆரணியும் புத்தூரும் அக்காலத்தில் ஒரே வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரியும்வரை ஜில்லாவின் தலைநகரம் சித்தூரே. ஆகவே அவரை நம் பகுதி எழுத்தாளர் என்று உரிமை கொண்டாடினால் தவறாகாது. 1915இல் தொடங்கிய ஆனந்தபோதினியின் ஆசிரியராக விளங்கிய அவர், டாயில், ரெயினால்ட்ஸ் முதலியோரின் கதைகளைத் தமிழ் மண்ணுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் மாற்றி எழுதிக் குவித்தார். அவருடைய ஆனந்தசிங், ஹோம்ஸின் அங்கியைக் கழற்றிவிட்டு நம்மூர் உடை தரித்துக்கொண்டவர். தழுவல் என்று அவற்றை ஒதுக்கிவிடுவோர் உண்டு. நான் அப்படிச் செய்யத் துணியேன். ஹோம்ஸின் முறை, முதலில் முடிவைச் சொல்லிப் பிறகு காரணத்தை அடுக்குவது. அலகேச கதையின் இளைஞர்கள் செய்ததும் அதுவே. ஆகவே ஆனந்தசிங்கைப் படித்த தமிழ் வாசகன் தனக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றைப் படிக்கவில்லை.

ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள் 1908இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அவருடைய துப்பறியும் கோவிந்தன், குப்புசாமி முதலியாரின் நாயகனைப்போலத் தர்க்க வித்தகரல்லர். அலைந்து திரிந்து, வேஷம் போட்டு, ஒட்டுக்கேட்டு உண்மையைக் கொணர்பவர். ஆயினும் சந்திரகாந்தாவிலும் மோகனசுந்தரத்திலும் ரங்கராஜு காட்டும் மடாதிபதிகளும் ஜமீன்தார்களும் வக்கீல்களும் நிறைந்த சமூகச் சித்திரம் கோவிந்தனின் சாமர்த்தியத்தைக் காட்டிலும் நிலையான மதிப்புடையது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரோ வேஷ மரபை அதன் உச்சிக்கே கொண்டுபோனார். கும்பகோணம் வக்கீல் என்ற நாவலில் அவர் படைத்த திகம்பர சாமியார், பெயரளவில் துறவி, தொழிலளவில் துப்பறிவாளர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸார் அதனைத் திரைப்படமாக்கியபோது எம். என். நம்பியார் பற்பல வேஷங்களில் தோன்றி நடித்தார் என்பது மூத்த தலைமுறையினர் பலருக்கு நினைவிருக்கும். துறவியைத் துப்பறிவாளராக்கியதில் ஒரு நுட்பம் உண்டு. ஞானதிருஷ்டி உடையவர் என்று பாமரர் நம்பக்கூடிய கோலத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் உண்மையில் கண்டுபிடிப்பதெல்லாம் மனித யத்தனத்தாலும் வேஷத்தாலுமே என்று காட்டுவது, உள்ளுணர்வு பற்றிய நம் மயக்கத்தைத் தெளிவிக்கும் உபாயமாக அமைந்திருக்கலாம். ஐயங்கார் அதைப் பாதி தூரம்தான் செய்தார். வேஷங்களைக் கலைத்துக் கலைத்துக் காட்டுவதிலேயே அவருடைய சக்தி செலவாகிவிட்டது.

வை. மு. கோதைநாயகி அம்மையார் 1925இல் ஜகன்மோகினி பத்திரிகையை ஏற்று அதில் வைதேகியைத் தொடராக எழுதி, துப்பறியும் நாவலுக்குள் பெண் கையெழுத்தைக் கொண்டுவந்தார். பிற்பாடு அவர் நாட்டம் சமூக நாவல்களின் பக்கம் சென்றுவிட்டது. இதை ஒரு நஷ்டமாகவே கருதுகிறேன். ஏனெனில் இங்கிலாந்தில் 1930இல் அகதா கிறிஸ்டி மிஸ் மார்ப்பிள் என்ற முதிய பெண்மணியை முதன்முதலாக ஒரு முழு நாவலில் நடமாடவிட்டபோது, பெண்களின் உள்ளுணர்வு என்று ஆண்கள் ஏளனமாகப் பேசிய ஒன்று, உண்மையில் ஒரு சிற்றூரின் மனிதர்களை ஐம்பது வருஷம் கண்கொட்டாமல் பார்த்து ஒப்பிட்டுத் தேர்ந்த அறிவே என்பது விளங்கிற்று. அக்கிரகாரத்துத் திண்ணையிலும் அடுப்படியிலும் இருந்துகொண்டே ஊர் முழுவதையும் அறிந்த பாட்டிமார்களுக்கு நம் நாட்டில் பஞ்சமேது? அப்படியொரு பாட்டியைத் தமிழ்த் துப்பறியும் நாவல் நிலைநிறுத்தத் தவறியது, அந்த இலக்கியத்தின் பெருங்குறைகளுள் ஒன்று.

மேனாட்டார் இந்த இலக்கியத்துக்குச் சட்டம் வகுக்க முற்பட்டபோது உள்ளுணர்வைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். எட்கர் ஆலன் போ 1841இல் தூப்பேன் என்ற துப்பறிவாளனைப் படைத்தபோதே, நண்பனுடைய மௌனத்துக்குள் ஓடும் சிந்தனையை அவன் படித்துக் காட்டி, பிறகு ஒவ்வொரு படியையும் விளக்குமாறு செய்தார். செஸ்டர்டனின் பாதிரியார் பிரவுன், குற்றவாளியின் மனத்துக்குள் தாமே புகுந்து அவனாகவே ஆகிப் பார்த்து உண்மையைக் காண்கிறார். பாவமன்னிப்புக் கேட்க வந்தவர்களின் வாய்மொழிகளை ஆண்டாண்டாகக் கேட்டறிந்த அநுபவம் அதற்கு அடிப்படை. 1929இல் ரோனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளைகளை வெளியிட்டார். தெய்வ சக்தியையோ ஆவிகளையோ கதைக்குள் புகுத்தக் கூடாது, தற்செயலான சம்பவம் துப்பறிவாளனுக்கு உதவக் கூடாது, காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு ஒன்று அவனுக்குத் தோன்றி அது உண்மையாகவும் முடிந்துவிடக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். மறு ஆண்டில் லண்டனில் செஸ்டர்டன் தலைமையில் அமைந்த துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தில் சேர்பவர்கள், தெய்வ வெளிப்பாட்டையும் பெண்ணுள்ளத்தின் ஊகத்தையும் மந்திர தந்திரத்தையும் நம்பித் தம் துப்பறிவாளர்கள் காரியம் செய்யமாட்டார்கள் என்று பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது.

இந்தக் கட்டளைகள் எனக்கு முழுவதும் உடன்பாடானவை அல்ல. என் உடன்பாடின்மைக்குத் துணையாக நான் அழைப்பவர் நமக்கு அண்டை ஊர்க்காரர். திருத்தணியில் 1888இல் பிறந்து, சிறு பிராயத்தில் திருப்பதியில் மிஷன் பள்ளியில் பயின்ற டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அவர்களே அவர். திருத்தணியிலிருந்து திருப்பதி செல்லும் இருப்புப்பாதை புத்தூர் வழியாகவே செல்லும். நாக்ஸ் பாதிரியார் கட்டளை வகுத்த அதே 1929ஆம் ஆண்டுக்குரிய ஹிப்பர்ட் சொற்பொழிவுகளை இங்கிலாந்தில் நிகழ்த்தி, பின்னர் 1932இல் நூலாக வெளியிட்ட ராதாகிருஷ்ணன், அதிலே புத்திக்கும் உள்ளுணர்வுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்தார். உள்ளுணர்வு புத்திக்குப் பகையன்று. புத்தியின் உழைப்பு முதிர்ந்த இடத்தில் பிறப்பது. பிறந்த பின்பும் தன்னைப் புத்தியின் பாஷையில் எடுத்துரைத்து அதன் சோதனைக்கு உட்பட வேண்டியது என்பது அவர் கொண்ட கருத்தின் சாரம். அவர் பேசியது பரம்பொருளை உணரும் அநுபவத்தைப் பற்றி, கொலைவழக்கைப் பற்றியன்று. ஆயினும் நம் நாவலாசிரியனுக்கு வேண்டிய விதி அதற்குள் கிடக்கிறது. துப்பறிவாளனுக்கு உள்ளுணர்வு தோன்றலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். நூல் முடிவதற்குள் அதன் காரணங்கள் வாசகன் முன் வந்து நிற்க வேண்டும், அவ்வளவே.

நம் பழைய தார்க்கிகர்களும் இவ்விஷயத்தைத் தீண்டாமல் விடவில்லை. பிரத்தியட்சம், அநுமானம் ஆகிய பிரமாணங்களைப் பேசிய வைசேஷிகர் பிரசஸ்தபாதர், முனிவர்க்கு உரிய ஆர்ஷ ஞானத்தைக் குறிப்பிட்டுவிட்டு, நாளை என் அண்ணன் வருவான் என்று என் நெஞ்சு சொல்கிறது என ஒரு சிறுமி கூறுவதையும் அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். அத்தகைய அறிவு எப்போதாவது சாமானியர்க்கும் உண்டாகிறது என்று ஒப்புக்கொண்ட அந்தப் பெரியோர், அதை அறிவின் வகைகளுள் ஒன்றாகப் பெயர் கொடுத்துப் பதிவு செய்தார்களேயன்றி, மறைத்துவிடவோ அதன்மேல் வழக்குகளைத் தீர்க்கவோ முனையவில்லை.

இனித் தமிழில் இந்தப் பிரச்சினையை மிக ஆழமாகத் தொட்ட சிருஷ்டி எது என்று என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் தேவனுடைய துப்பறியும் சாம்பு என்பேன். திருவிடைமருதூரில் 1913இல் பிறந்து ஆனந்த விகடனின் நிர்வாக ஆசிரியராக விளங்கி 1957இல் அகாலமாக மறைந்த ஆர். மகாதேவன் என்ற தேவன், 1940களில் எழுதிய அந்தக் கதைகளை வெறும் விகடமாகப் படித்துவிட்டு நகர்பவர்கள் பலர். சாம்பு பாங்கில் குமாஸ்தாவாயிருந்து வேலை இழந்தவன். வழுக்கைத் தலையும் அசட்டு முழியும் உடையவன். உலகத்தார் கணக்கில் முட்டாள். அவன் ஒன்றைத் தேடிப்போக வேறொன்றில் காலிடறி விழுகிறான், அங்கே திருட்டு நகையோ திருடனோ அகப்பட்டுவிடுகிறது. இன்ஸ்பெக்டர் கோபாலன், சாம்புவின் அசட்டுத்தனம் அபார மூளையை மறைக்கும் திரையென்று எண்ணிப் பூரிக்கிறார். நாக்ஸின் கட்டளைகளுள் தற்செயலைத் தடுக்கும் கட்டளையைத் தேவன் ஒவ்வொரு கதையிலும் மீறுகிறார். ஆனால் ஒளித்து மீறுவதில்லை. வாசகன் கண்முன்னே வைத்து மீறுகிறார். நடந்தது தற்செயல் என்பது நமக்குத் தெரியும், சாம்புவுக்கும் ஒருவாறு தெரியும், கோபாலனுக்குத்தான் தெரியாது.

இதன் மூலம் தேவன் காட்டிய உண்மை மிக நுட்பமானது. உள்ளுணர்வு படைத்தவன் என்ற கீர்த்தி, அந்த மனிதனுக்குள்ளே இருந்து எழுவதைக் காட்டிலும், பார்ப்பவர்களின் வியப்பிலிருந்து எழுவதே அதிகம். வெற்றி கிட்டிய பின் அதற்குக் காரணமாக ஓர் அபூர்வ சக்தியை நாம் கற்பித்துவிடுகிறோம். தோல்வியடைந்த ஊகங்களை நாம் எண்ணுவதே இல்லை. மை போட்டுப் பார்த்துக் களவைச் சொல்பவரிடம் போய்வந்த குடும்பங்கள் இப்பகுதியில் எத்தனையோ உண்டு. பலித்த ஒரு சொல்லே தலைமுறைகளுக்குப் பேசப்படும், பலியாதவை மறுநாளே மறக்கப்படும். சாம்புவைப் படித்துச் சிரிக்கும் வாசகன் தன்னையறியாமலே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறான். சாம்புவிடம் மற்றொரு குணமும் இருக்கிறது: அவனுக்குக் கபடம் தெரியாது. கபடமற்றவன் முன்னிலையில் கபடர்கள் எச்சரிக்கையை இழக்கிறார்கள் என்பதும் அவன் வெற்றிகளுக்கு ஒரு காரணமாய் அமைகிறது. அதே தேவன், ஜஸ்டிஸ் ஜகந்நாதன் என்ற நாவலில் ஒரு கொலைவழக்கின் நீதிமன்ற விசாரணையையே கதையாக நடத்தி, சாட்சியம் சாட்சியமாக உண்மையை எடை போட்டுக் காட்டினார். தற்செயலையும் தர்க்கத்தையும் ஒரே கை இத்தனை நேர்மையோடு எழுதியது வேறெங்கும் எளிதில் காணக் கிடைப்பதன்று.

1948இல் தொடங்கிய கல்கண்டின் ஆசிரியர் தமிழ்வாணன், சங்கர்லாலை உருவாக்கி, தேநீர் அருந்தியபடி சிந்திக்கும் நாகரிகத் துப்பறிவாளனை இளைஞர் உள்ளங்களில் பதித்தார். தூய தமிழ்ப் பேச்சும் அயல்நாட்டு நகரங்களும் அவர் கதைகளுக்குத் தனி வசீகரம் தந்தன. சங்கர்லாலின் முடிவுகள் பல இடங்களில் விளக்கமின்றியே வந்துவிழுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் சந்தேகித்தார் என்றால் சந்தேகிக்கப்பட்டவன் குற்றவாளியாகிவிடுகிறான். மேதாவி, சிரஞ்சீவி முதலியோர் அதே காலத்தில் ஏராளமாக எழுதினார்கள். வேகம் அவர்களுடைய பலம்.

சுஜாதா 1968இல் நைலான் கயிறு மூலம் வக்கீல் கணேஷைக் கொண்டுவந்தபோது தர்க்க மரபு மீண்டும் உயிர்பெற்றது. பின்னர் வசந்த் வந்து சேர்ந்ததும் அதில் ஒரு புதிய ஏற்பாடு உண்டாயிற்று. ஊகமும் துடுக்கும் மின்னலெனத் தோன்றும் எண்ணங்களும் வசந்தின் பங்கு. நிதானமும் நிரூபணமும் கணேஷின் பங்கு. ஒரே துப்பறிவாளனின் மனத்துக்குள் நிகழ வேண்டிய வாதத்தை இரண்டு பாத்திரங்களாகப் பிரித்து நாம் கேட்கும்படி பேசவைத்த உபாயம் இது. கொலையுதிர் காலத்தில் அந்த வாதம் உச்சநிலையை அடைகிறது. ஆவியின் செயல்போலத் தோன்றும் நிகழ்ச்சிகளை வசந்த் அமானுஷ்யமென்றே எண்ணத் தலைப்படுகிறான். கணேஷ் விஞ்ஞானத்தின் துணையால் விடை தேடுகிறான். இரு பக்கத்துக்கும் சமமான மரியாதை கொடுத்து, வாசகன் மனத்தில் ஐயத்தின் ஓர் இழையை ஆசிரியர் எஞ்ச விட்டிருப்பதைச் சிலர் குறையென்பர். எனக்கு அது அந்நூலின் சிறப்பாகவே தோன்றுகிறது.

தெய்வ சக்தியையே மர்மத்தின் மையமாக வைக்கும் கிளை இந்திரா சௌந்தர்ராஜனின் கையில் பெரும் செல்வாக்கு அடைந்தது. மர்ம தேசம் என்ற தொலைக்காட்சித் தொடரின் விடாது கருப்பு பகுதி, காவல் தெய்வம் தண்டிப்பதாக ஊரார் நம்பும் கொலைகளுக்குப் பின்னால் ஒரு மனத்தின் பிளவைக் காட்டியது. அந்தத் தொடரைக் கிராமத்தார் பார்த்த பார்வை வேறு, நகரத்தார் பார்த்த பார்வை வேறு. இருவரையும் கட்டிவைத்திருந்தது அதன் பலம். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் மாத நாவல்களின் பொற்காலத்தை ஆண்டவர்கள். புத்தூர் ரயில் நிலையத்தைக் கடந்து சென்ற பயணிகளுள் எத்தனையோ பேருக்கு அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடைப்பட்ட நேரம் அவர்களோடு கழிந்திருக்கும். தடயவியலையும் மருத்துவத்தையும் எளிய தமிழில் சாமானியர்க்கு அறிமுகம் செய்தவர் ராஜேஷ்குமார் என்ற அளவில் அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

உண்மையான வழக்குகள் எப்படித் துலங்கின என்பதையும் ஒருகணம் ஒப்புநோக்க வேண்டும். 1952இல் சென்னையைக் குலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கில், தலையற்ற உடல் இந்தோ-சிலோன் ரயிலில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்பதையும் அவர் இன்னார் என்பதையும் சென்னை மருத்துவக் கல்லூரி நிபுணர்களின் பரிசோதனையும் கைரேகையும் நிலைநாட்டின. வழக்கை விசாரித்த நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் தாமே கதாசிரியர். போலீஸ் அதிகாரிக்கு ஆரம்பத்திலேயே ஏதேனும் ஓர் உணர்வு தோன்றியிருக்கக் கூடும். நீதிமன்றம் அதைக் கேட்பதில்லை. நாவலோ அந்த உணர்வையும் பதிவு செய்யவல்லது. சட்டம் ஏற்காத அந்த முதல் கணத்துக்கு ஓர் இடம் கொடுப்பதே நாவலின் தனியுரிமை என்பதால்தான் உள்ளுணர்வு உடைய துப்பறிவாளனை நான் ஆதரிக்கிறேன்.

ஆகவே நான் கைக்கொள்ளும் அளவுகோல் இது. துப்பறிவாளனுடைய விசேஷ சக்தி எங்கிருந்து வந்தது என்பதை ஆசிரியர் காட்டியிருக்க வேண்டும். தொழிலோ, துன்பமோ, நெடுநாள் பழக்கமோ, குறைந்தபட்சம் ஒரு வாழ்க்கையாவது அதன் பின்னால் இருக்க வேண்டும். அந்தச் சக்தி ஒருமுறையேனும் தவற வேண்டும். தவறாத சக்தியை வைத்துக் கதை எழுதுபவர், எடுத்தவுடனே முடிந்துவிட வேண்டிய கதையை வீணாக நீட்டுகிறார். அவன் கண்ட அடிச்சுவடுகள் அவன் கண்ட நேரத்திலேயே வாசகன் கண்ணுக்கும் பட்டிருக்க வேண்டும், அவற்றின் பொருள் மட்டும் பிறகு தெரியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நிரபராதியின் உயிர் அந்த உணர்வின்மேல் தொங்கும்போது துப்பறிவாளனுக்குத் தன்மேலேயே அச்சம் தோன்ற வேண்டும். பாண்டியனிடம் இல்லாதுபோன அச்சம் அது. இந்த நான்காவது லட்சணம் நம் நாவல்களில் மிக அரிதாகவே அமைந்திருக்கிறது.

எல்லைப் பிரதேசத்தில் வாழும் நமக்கு இவ்விலக்கியத்தில் ஒரு பிரத்தியேகச் சௌகரியமும் உண்டு. 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர, புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே தங்கின. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் கொம்மூரி சாம்பசிவராவின் டிடெக்டிவ் யுகந்தரையும் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் அடுத்தடுத்துப் படிக்க முடிந்தது. இரு மொழி தெரிந்தவன் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் எந்த இடத்தில் பேச்சு தடுமாறிற்று, எந்த இடத்தில் அவன் தாய்மொழிக்குத் தாவினான் என்பதைக் கேட்டுணர்வான். குறிப்பறிதலில் இதைவிடத் தகுந்த பயிற்சி வேறில்லை. ஆயினும் இங்கிருந்து ஒரு துப்பறியும் நாவல் புறப்பட்டுத் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டதாக நான் அறியேன். விஷயத்துக்கோ குறைவில்லை. சேஷாசலக் காடுகளிலிருந்து செம்மரம் வெட்டிக் கடத்தப்படுவதும், அதற்குக் கூலிகளாகத் தமிழ்நாட்டு மலைவாசிகள் அழைத்துவரப்படுவதும், அவர்களில் சிலர் திரும்பாமலே போவதும் அனைவரும் அறிந்த விஷயங்கள். நகரியிலும் நாராயணவனத்திலும் ஓடும் விசைத்தறிகளின் கடன் கணக்குகளுக்குள் எத்தனை குடும்பங்களின் இரகசியம் அடங்கியிருக்கிறது! இவற்றை எழுதப் புகும் இளைஞர், வடுவூராரிடமிருந்து வேஷத்தையும் தமிழ்வாணனிடமிருந்து வேகத்தையும் பெற்றுக்கொண்டாலும், அலகேச கதையின் அந்த நான்கு இளைஞர்களையே முதலில் படிக்கட்டும். அதன் பிறகு சேஷாசலத்துக் காட்டுப் பாதையில் மூன்று அடிச்சுவடுகளைப் பார்க்கும் ஒருவனையோ ஒருத்தியையோ எழுதத் தொடங்கலாம்.